அந்த நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள்

பார்சலை அம்மா பிரிக்கவில்லை. அதுதான் யுன்-ஹானைப் பயமுறுத்தியது.

நேற்று மாலை, மாடிக்குக் கீழே, பார்சல்கள் வந்து சேரும் கடையிலிருந்து அதை அம்மா மான்-லிங்தான் வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் பெயருக்கு வந்த பார்சல். மூன்று வருஷமாக அவள் காத்திருந்த புத்தகம். கத்துவாள், கிழித்துப் போடுவாள் என்று எதிர்பார்த்தால், வாயே திறக்கவில்லை. அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தும் அது அங்கேயே இருந்தது.

மேஜையில் முட்டை ரொட்டி, சூடான சோயா பால். அலமாரியில் தம்பி லேலேயின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. படத்தில் அவனுக்கு ஒன்பது வயது. முன்பல் ஒன்று விழுந்திருக்கும். மூன்று வருஷமாக அவனுக்கு ஒன்பது வயதுதான்.

"பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றாள் மான்-லிங்.

"முப்பத்தி நாலு."

"அது முடிஞ்சதும் தரேன்."

"ஒரே நாள்ல முடிச்சிடுவேம்மா. அப்புறம் தொடவே மாட்டேன். இப்ப படிக்கலைன்னாதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்."

"உங்க டீச்சர் போன் பண்ணப்ப நான் எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். வாராவாரம் வகுப்பு டீச்சருக்கு எழுதிக் கொடுக்கும் நோட்டில் யுன்-ஹான் ஒரு வரி எழுதியிருந்தாள். 'மூழ்கியவர்கள் கூப்பிட்டால் வருவார்கள்; கூப்பிடுகிறவர் பொய் சொல்லியிருக்கக் கூடாது.' தம்பியைக் கடலில் பறிகொடுத்த பெண் இப்படி எழுதினால் எந்த டீச்சர்தான் பதறாமல் இருப்பாள்?

"அது கதையில வர்ற வரிம்மா. முதல் பாகத்துல."

"தண்ணிக்கு அடியில செத்தவங்க ஊரு. அங்க தம்பியைத் தேடிப் போற அக்கா. உலகத்துல வேற கதையே கிடைக்கலையாடி உனக்கு?"

யுன்-ஹான் ரொட்டியைப் பிய்த்தாள். தின்னவில்லை.

மான்-லிங் பார்சலை எடுத்துத் தன் கைப்பைக்குள் திணித்தாள். "நானே படிச்சுப் பாக்கறேன். அப்படி என்னதான் இருக்குன்னு."

"ரெண்டாம் பாகத்தையா? முதல் பாகம் படிக்காமலா?"

"ஐந்நூறு எபிசோடு நாடகத்தை நடுவுலேர்ந்து பாத்தவடி நான். எனக்குப் புரியும். டியூஷனுக்குக் கிளம்பு."

அப்பா கோ-தாங் வீட்டில் இருந்திருந்தால் ஒருவேளை சமாதானம் பேசியிருப்பார். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின்காரர். அஞ்சு மணிக்கே போய்விட்டார். மழைக்கோட்டு மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

*

டியூஷன் இருக்கும் தெருவுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே யுன்-ஹான் இறங்கிவிட்டாள்.

யோசித்து இறங்கவில்லை. ஜன்னல் வழியாக அந்தப் புத்தகக் கடை தெரிந்தது. வாசலில் ஆளுயரப் படம். கறுப்புக் கடல், அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தெப்பம், தெப்பத்தில் இரண்டு உருவங்கள். அவ்வளவுதான். கால் தானாக இறங்கிக்கொண்டது.

போனை அணைத்தாள். மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

'சாம்பல் தெப்பம்' கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தது. மேலே இருந்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் வராத அகராதி வரிசைக்குப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். இந்த ஊரில் கடைத் தரையில் உட்கார்ந்து படிக்கிறவளை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

முதல் பாகமான 'உப்பு வாசல்' எங்கே முடிந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். படகோட்டி மகள் ஸுவே, வெள்ளத்தில் போன தம்பியைத் தேடிக் கடலுக்கடியில் இருக்கும் நகரத்துக்குப் போகிறாள். அங்கே இறந்தவர்கள் நாளொன்றுக்கு ஒரு ஞாபகத்தை வாடகையாகக் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் தம்பியைக் கண்டுபிடிக்கிறாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்கிறான்.

அதோடு நிறுத்திவிட்டார்கள் பாவிகள். மூன்று வருஷம்.

யுன்-ஹான் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அப்புறம் வெளியே பெய்யும் மழையில்லை, பரீட்சையில்லை, முப்பத்தி நாலு நாள் இல்லை.

பல்லரசி வந்தாள். குழந்தைகளின் பால்பற்களைக் கோத்து மாலை போட்டுக்கொள்ளும் ராணி. அவள் சிரிக்கும்போதெல்லாம் மாலையும் சேர்ந்து சிரித்தது. யுன்-ஹானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெழுகுக் காது வைத்த திருட்டுப் பயல் ஒருவன் ஸுவேயிடம் வழிந்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் வரிசையில் நின்ற கிழவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பயலே காட்டிக்கொடுத்தபோது, "டேய்!" என்று முணுமுணுத்துத் தொடையில் குத்திக்கொண்டாள்.

இவ்வளவு இருட்டான கதையில் இவ்வளவு சுகம் எப்படி இருக்கிறது? பசித்தது. எழுந்திருக்க மனமில்லை. ஒரு பக்கம் வேகமாகப் புரட்டச் சொன்னது மனசு. இன்னொரு பக்கம், தீர்ந்துவிடுமே என்று மெதுவாகப் படிக்கச் சொன்னது.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் தெப்பம் வந்தது.

தப்பிக்க அது ஒன்றுதான் வழி. சாம்பலால் செய்த தெப்பம். மேலே இருப்பவர்கள் உண்மை பேசும்வரைதான் மிதக்கும். நடுக்கடலில் தம்பி கேட்கிறான்: "அன்னிக்கு என்ன ஆச்சு?"

அவன் இருந்த படகின் கயிறு அறுந்துவிட்டது என்கிறாள் ஸுவே. தெப்பம் ஒரு சாண் இறங்குகிறது.

காற்று பலமாக இருந்தது என்கிறாள். இன்னும் ஒரு சாண்.

தண்ணீர் இடுப்பளவு வந்தபிறகுதான் அவள் சொல்கிறாள்: "கயிறு அறுந்து போகலை. நான்தான் பிடிக்க மறந்துட்டேன். கரையில விளக்குத் திருவிழா. அவ்வளவு அழகு. உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அந்த நிமிஷம் நான் சந்தோஷமா இருந்தேன்."

யுன்-ஹான் புத்தகத்தை மூடினாள். விரல் மட்டும் அந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

அவளும் ஒரு கயிறு திரித்து வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அலைதடுப்புச் சுவரில் லேலே நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா போன் பண்ணினார், காற்றில் கேட்காதென்று கடைப்பக்கம் ஓடினேன், அதற்குள் கட் ஆகிவிட்டது, திரும்பி வந்தால் தம்பியைக் காணோம். வீட்டில் சொன்னது இது. போலீஸில் சொன்னதும் இதுதான்.

நடந்தது வேறு. போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. அவள் சுவரிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து 'உப்பு வாசல்' படித்துக்கொண்டிருந்தாள். லேலே இரண்டு தடவை "அக்கா, இதப் பாரேன்!" என்று கூப்பிட்டான். "ம்" என்றாள். மூன்றாவது தடவை அவன் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதையே இருபது பக்கம் கழித்துத்தான் கவனித்தாள்.

மிச்சமிருந்த கடைசி அத்தியாயத்தை, அவன் போய் இரண்டு மாதம் கழித்துக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு படித்தாள். அது பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய குற்றம் எதையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*

தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் மான்-லிங் நாற்பது பக்கம் படித்திருந்தாள்.

"அக்கா, அது ரெண்டாம் பாகம்! முதல் பாகம் படிக்காம ஒண்ணும் புரியாதே" என்றாள் உதவிக்கு இருக்கும் பெண்.

"எல்லாம் புரியுது. அந்த ராணி நல்லவ இல்லை."

"பல்லாஸ்பத்திரியில உக்காந்துகிட்டு பல் பிடுங்கற ராணி கதை படிக்கறீங்க. நல்லாயிருக்கு போங்க."

மான்-லிங் சிரிக்கவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தாள். பென்சில்கூடக் கையில் வைத்திருந்தாள். எங்கெங்கே மோசமோ அங்கே கோடு போட. மதியம் வரை ஒரு கோடும் விழவில்லை. மூன்று நோயாளிகளின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்து போனாள். தம்பிக்காரன் அக்காவை அடையாளம் தெரியாமல் நிற்கிற இடத்தில், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்றே காலுக்குத் தெப்பத்துக்கு வந்து சேர்ந்தாள்.

'அந்த நிமிஷம் நான் சந்தோஷமா இருந்தேன்.'

பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. டியூஷனிலிருந்து. "உங்க பொண்ணு இன்னிக்கு வரவே இல்லைங்களே? உடம்பு சரியில்லையா?"

"காலையிலேர்ந்தா?"

"ஆமாங்க. போனும் எடுக்கலை."

மகளின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். நோட்டில் எழுதின வரி ஞாபகம் வந்தது. மூழ்கியவர்கள் கூப்பிட்டால் வருவார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடு" என்று கத்திவிட்டு, குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

எங்கே போவது? அலைதடுப்புச் சுவருக்கா? அங்கே மூன்று வருஷமாக அவள் போனதில்லை. டாக்ஸிக்குக் கை நீட்டினாள். வண்டி நின்று கதவு திறந்தபோது, புத்தகம் இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். விரல் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது.

எனக்கே கீழே வைக்க முடியவில்லையே. அவள் வேறெங்கே போயிருப்பாள்?

"எங்கம்மா போகணும்?" என்றார் டிரைவர்.

"துறைமுகத்துக்கிட்ட புத்தகக் கடை. சீக்கிரம்."

*

யுன்-ஹான் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். அம்மா வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

மான்-லிங் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். மகளின் முகம் சிவந்திருந்தது. உதடு அசைந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த முகத்தில் உயிர் இருந்தது. இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஓங்கி அறைய வேண்டும் என்றுதான் படியேறி வந்தாள். அறையவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா!"

"கத்தாதே. கடை இது." தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "முடிச்சிட்டியா?"

"இப்பதான்."

"அந்தப் பையன் வர்றானா? அக்காகூட?"

யுன்-ஹான் அம்மாவின் கையைப் பார்த்தாள். புத்தகத்துக்குள் மாட்டியிருந்த விரலைப் பார்த்தாள்.

"சொல்லிட்டா கதை போயிடும்."

"சொல்லுடி."

"வரலை. அவளைக் கரையில விட்டுட்டு அவன் திரும்பிப் போயிடறான். ஆனா அவ பேரு அவனுக்கு ஞாபகம் வந்துடுது."

மான்-லிங் தலையாட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா. அன்னிக்கு நான் கடைப்பக்கம் போகலை."

"தெரியும்."

மழைநீர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன தெரியும்?"

"அந்தக் கடைக்காரம்மா சொன்னா. ஏழாம் நாள் சடங்குக்கு வந்தப்ப. 'உன் பொண்ணு அலறிக்கிட்டு ஓடி வந்தப்பதான் பாத்தேன், அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமே வரலையே'ன்னா. நீ படிச்சுக்கிட்டிருந்தேன்னும் தெரியும். போலீஸ்காரர் கொண்டு வந்து கொடுத்த பையில அந்தப் புத்தகம் நனைஞ்சு கிடந்துது. விரிச்சபடி."

"மூணு வருஷமாவா?"

"ம்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா நான் உன்னை வெறுக்கணும். எனக்குன்னு மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான்."

யுன்-ஹான் அழவில்லை. கோபம்தான் வந்தது. "நீ கேட்டிருக்கணும்! தினம் சாப்பிட உக்காரும்போது, இன்னிக்குக் கேப்பே, இன்னிக்குக் கேப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ சோறு போடுவே. சூப் வேணுமான்னு கேப்பே. அவ்வளவுதான்."

மான்-லிங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

மான்-லிங் புத்தகத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"அம்மா, அன்னிக்கு எரிக்கற இடத்துல அவர் என்ன சொன்னார்? 'நான் போன் பண்ணியிருக்கக் கூடாது'ன்னு சொல்லித் தரையில உக்காந்துட்டார். நீ பக்கத்துலதானே இருந்தே?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"அதுக்கப்புறம்?"

மான்-லிங்கின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவர் தாங்குவார்னு நினைச்சேன்டி. நீ தாங்க மாட்டே."

யுன்-ஹான் எழுந்தாள். "இன்னிக்கே சொல்லிடறேன்."

"நான் பக்குவமா, நேரம் பாத்து..."

"வேணாம். நான்தான் சொல்லணும்."

*

ஆறு மணிக்குக் கோ-தாங் வந்தார். உடம்பெல்லாம் டீசல் வாடை. கையில் பொரித்த மீன்கட்டிப் பொட்டலம்.

"சூடா இருக்கு. எடுத்துக்குங்க" என்றவர், இருவர் முகத்தையும் பார்த்தார். "என்ன? மறுபடி புத்தகச் சண்டையா?"

யுன்-ஹான் நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் வராது என்று பயம். எதையும் விடவில்லை. படித்தது, "ம்" என்றது, இருபது பக்கம். நீட்டி முழக்கவும் இல்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கோ-தாங் பொட்டலத்தைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போன் பண்ணது?"

"மூணு தடவை பண்ணீங்க. எதுவும் எனக்குக் கேக்கலைப்பா. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பாத்தேன்."

"அப்ப நான் கூப்பிட்டதால நீ நகரலை."

"இல்லப்பா. நான் நகரவே இல்லை."

அவர் மெதுவாகப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா என்று தேடினாள் அவள். கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் தப்பென்று அடித்த கணக்கை, மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்கிற பையன் மாதிரி இருந்தது அந்த முகம்.

"அப்ப உனக்குப் பதினாலு வயசு" என்றார். "பதினாலு வயசுப் பிள்ளையை நம்பி ஒன்பது வயசுப் பிள்ளையை அனுப்பினது நாங்க."

அப்புறம்தான் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கு இப்பதான் தெரியுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மகள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். மான்-லிங் அலமாரிப் பக்கம் பார்த்தாள். ஊதுபத்தி அணைந்திருந்தது.

"ஏழாம் நாளே தெரியும்ங்க."

கோ-தாங் தலையசைத்தார். ஆணியில் மாட்டின மழைக்கோட்டைத் திரும்ப எடுத்தார். ஒரு கையை நுழைத்தவருக்கு இன்னொரு கை எங்கே நுழைவதென்று தெரியவில்லை. உதவப் போன மான்-லிங்கைப் பார்த்து, "தொடாதே" என்றார். சத்தமாகக்கூட இல்லை. இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை.

கதவு சாத்தும் ஓசைகூடக் கேட்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் மட்டும் இறங்கிப் போயிற்று.

"போடி" என்றாள் மான்-லிங். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் வந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டார். நீ போ!"

யுன்-ஹான் வெறும் கையோடு ஓடினாள். நான்கு மாடி. தெருமுனையில் பஸ் நின்றிருந்தது. அப்பா ஏறிக்கொண்டிருந்தார். கதவு மூடும்முன் அவளும் தாவி ஏறிவிட்டாள்.

"பஸ் அட்டை?" என்றார் டிரைவர்.

சட்டைப் பையைத் தடவினாள். எல்லாம் வீட்டில்.

உள்ளே போய்விட்ட அப்பா திரும்பி வந்தார். அவளைப் பார்க்காமல், தன் அட்டையை இன்னொரு தடவை இயந்திரத்தில் ஒற்றினார். மறுபடி போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். அவள் அதற்கு முன் இருக்கையில்.

கப்பல் அலுவலகம், மீன் சந்தை, மீன்பிடித் துறை. ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்கினார்கள். அவர் மணியை அழுத்தவில்லை. கடைசி நிறுத்தத்தில், படகுக்காரர்கள் தங்கும் அறைகளுக்கு எதிரே பஸ் நின்றபோது இவர்கள் இருவர்தான் மிச்சம்.

கோ-தாங் இறங்கினார். அவளும் இறங்கினாள்.

"இதே பஸ் திரும்பிப் போகும். ஏறிக்க" என்றார். "அம்மா தனியா இருப்பா."

"நீங்க?"

"எனக்கு இங்க ஒரு கட்டில் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை."

பஸ் திரும்பி நின்று ஒலி எழுப்பியது. டிரைவர் எட்டிப் பார்த்தார். யுன்-ஹான் அசையவில்லை. மழை அவள் கழுத்துக்குள் இறங்கியது.

"நான் இங்கயே இருக்கேன்ப்பா. நீங்க உள்ள போங்க. நான் வாசல்ல உக்காந்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? பரீட்சை இருக்கு."

"இருக்கட்டும்."

பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று. கோ-தாங் அதன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடக்கத் தொடங்கினார். அவள் நான்கடி பின்னால் போனாள்.

அவர் நடையைக் குறைக்கவில்லை. ஆனால் திரும்பிப் போ என்று மறுபடி சொல்லவும் இல்லை.